வானத்தை எந்தக் கடையில வாங்கின, தம்பி?

தம்பி, உன் படத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. எந்த ஊருப்பா அது? என்னது, ஜமுனாமரத்தூரா? பொறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஜவ்வாது மலையிலதான். இப்படி ஒரு ஊரு இங்க ஒளிஞ்சிருக்கறதை ஒருத்தனும் எனக்குச் சொல்லலியே! கோலப்பன் ஏரித் தண்ணி மயில்கழுத்துக் கலர்ல மின்னுது. மலை பூரா கிளிப்பச்சை. பங்குனியில எடுத்ததுன்னு வேற சொல்ற. பங்குனியில எங்க காடு இலையைக் கொட்டிட்டு வெறும் குச்சியா நிக்கும். சருகு காலடியில நொறுங்கும். மாடு மேய்க்கறவன் ஒரு கைப்பிடி பச்சைக்கு நாயா அலைவான். நீ எந்தப் பாறை மேல நின்னு இவ்வளவு பச்சையைப் பார்த்தேன்னு மட்டும் சொல்லு. நாளைக்கே மாட்டை அவுத்து அங்க ஓட்டிட்டுப் போறோம்.

கோவிச்சுக்காதே. சின்ன வயசு, கையில புது கேமரா, போன்ல ஒரு எடிட்டிங் ஆப்பு. அதுல பச்சைக்குன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, விரலை வெச்சா தானா வலது பக்கம் ஓடுது. உன் மேல என்ன தப்பு? ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. சந்தனமும் புளியும் நிக்கற காடு, இலையுதிர்க்கற காடு. இதுக்குன்னு ஒரு கலர் இருக்கு. சாமை முத்தினா ஒரு பழுப்பு, வெயில்ல காய்ஞ்ச பாறைக்கு ஒரு சாம்பல், மழை பேஞ்ச மறுநாள் செம்மண்ணுக்கு ஒரு கறுப்பு கலந்த சிவப்பு. ஊட்டி மேல அவ்வளவு ஆசைன்னா ஊட்டிக்கு பஸ் ஓடுதுப்பா. போளூர்லேருந்து கொண்டை ஊசி வளைவுல குடல் குலுங்க ஏறி வந்து, எங்க மலைக்கு ஊட்டி வேஷம் கட்டிவிடணுமா?

அடுத்த படத்துக்கு வருவோம். சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்குது. சரி. அதுக்குப் பக்கத்துலயே முழு நிலா, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அங்கதான் எனக்குத் தலை சுத்திப் போச்சு. பௌர்ணமின்னா என்ன? சூரியன் மேற்கே இறங்கற நேரத்துக்கு நிலா கிழக்கே ஏறும். ரெண்டும் எதிரும் புதிருமா இருந்தாத்தான் நிலா முழுசாத் தெரியும். ரெண்டையும் ஒரே திசையில குடிவெச்சிருக்கியே, எந்தப் பஞ்சாங்கத்துல பார்த்த? அளவு வேற. கையை நீட்டி சுண்டுவிரலை நிலாவுக்கு நேரே புடி, நகத்துக்குள்ள அடங்கிப் போகும். மலையெல்லாம் அடங்கற அகல லென்ஸ்ல எடுத்தா படத்துல ஒரு அரிசி அளவுக்குத்தான் விழும். பெருசா வேணும்னா அதுக்கு வழி இருக்கு. 500 எம்எம் மாதிரி நீள லென்ஸ் போட்டுக்கிட்டு, கோயில் கோபுரமோ ஒத்தைப் பனையோ, அதுலேருந்து தூரமா விலகிப் போய் நிக்கணும். கோபுரம் சிறுத்துடும், நிலா சிறுக்காது. நடக்கணும், அவ்வளவுதான். ஆப்புல ஒட்டறதுக்கு நடக்க வேணாம், நெசந்தான்.

மூணாவது படம் அதுக்கு மேல. மார்கழி ராத்திரி, ஏரிக்கு மேல பால்வீதியோட நடுக்கொண்டை பளபளன்னு நிக்குது. மார்கழிக்கு ஏன் தனுர் மாசம்னு பேரு வந்துச்சு? சூரியன் தனுசுல இருக்கறதால. பால்வீதியோட நடுவும் அதே தனுசுப் பக்கம்தான். அப்ப அது பகல்ல சூரியனோட ஏறி சூரியனோட இறங்கிடும். ராத்திரியில அதை யாரும் பார்க்க முடியாது. திருப்பாவை பாடப் போற பொண்ணுங்களைக் கேட்டிருந்தாக் கூட சொல்லியிருப்பாங்க. உனக்கு அந்தக் கொண்டைதான் வேணும்னா பங்குனி, சித்திரையில வா. விடியறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி தென்கிழக்குல அதுவா எழுந்து நிக்கும். ஆடியில இருட்டினதுமே தெற்கு வானத்துல வந்து நிக்கும், ஆனா மேகம் விடணும்.

கிழவனுக்கு இவ்வளவு எப்படித் தெரியும்னு முழிக்காதே. வாலிப வயசுல போளூர்ல ஒரு போட்டோ ஸ்டுடியோவுல டச்சிங் வேலை பார்த்தவன் நான். நீ இப்ப எடிட்டிங்கிற பாரு, அதுக்கு எங்க காலத்துல டச்சிங்னு பேரு. நெகட்டிவை சாய்வான கண்ணாடி மேசையில வெச்சு, கீழேருந்து வெளிச்சம் வரும். பென்சிலை பிளேடால ஊசி மாதிரி நீளமாச் சீவிக்கிட்டு, மூச்சைப் புடிச்சு புள்ளி புள்ளியா வெப்போம். நெகட்டிவுல எங்க பென்சில் ஏறுதோ, பிரிண்ட்டுல அங்க வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், நெத்திச் சுருக்கம் எல்லாம் அப்படித்தான் கரையும். பின்னாடி தொங்கற துணியில மவுண்ட் ரோடு, தாஜ்மகால், ஏரோபிளேன். தாலி கட்டின மறுநாள் ஜோடியா வந்து தாஜ்மகாலுக்கு முன்னாடி நின்னுட்டுப் போவாங்க. அதனால பொய் சொல்றதைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதே. அந்தத் தொழில்ல கஞ்சி குடிச்சவன் நான்.

ஆனா எங்க ஸ்டுடியோவுல ஒரு சட்டம் இருந்துச்சு. தழும்பைத் தொடலாம், மச்சத்தைத் தொடக் கூடாது. தழும்பு வந்து போனது, மச்சம் ஆளோட அடையாளம். மச்சத்தை எடுத்துட்டா பொண்ணு வீட்டுக்காரன் வந்து, இது எங்க பொண்ணே இல்லேன்னு படத்தை மேசை மேல வீசிட்டுப் போவான். உன் ஆப்புக்கும் அந்தச் சட்டத்தையே போடறேன். கேமரா கெடுத்ததைச் சரி பண்ணு. சென்சார்ல தூசி உக்காந்து வானத்துல கறுப்பா ஒரு புள்ளி விழுந்திருக்கா, துடை. ஏரித்தண்ணி ஒரு பக்கம் வழிஞ்சு ஓடற மாதிரி சாய்ஞ்சிருக்கா, நிமித்து. மலையோட மச்சத்துல கை வெக்காதே.

எது மச்சம்னு கேக்கறியா? அந்தக் கிழவி படத்தை எடு. ஓலைக் கூரை, மண் சுவரு, மூங்கில் படல், அவ இடுப்புல குடம். நேர்ல அது நீல பிளாஸ்டிக் குடம். படத்துல மண்பானையா மாறியிருக்கு. நாங்க மலையாளி சனம், மலைமேல இருக்கறவங்க, எங்க வீட்டுக்கு பிளாஸ்டிக் வரக்கூடாதுன்னு யாரு சட்டம் போட்டது? மண்பானையில தண்ணி மொண்டு மேடேறிப் பாரு, அப்பத் தெரியும் பிளாஸ்டிக்கோட அருமை. அது போகட்டும். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கரண்ட் கம்பம் இருந்துச்சே, எங்கப்பா? விரலால ஒரு தேய் தேய்ச்ச, காணோம். அந்தக் கம்பம் வர்றதுக்கு மனு எழுதி எழுதி எங்க ஊருல ரெண்டு பேருக்குக் கையெழுத்தே அழகாயிடுச்சு. கலெக்டர் ஆபீசு வாசல்ல எத்தனை நாளு கால் கடுக்க நின்னோம். மின்சார வாரியம் கூட அவ்வளவு வேகமா ஒரு கம்பத்தைப் புடுங்கினதில்லை. பட்டணத்துல உன் படத்தைப் பார்க்கறவன் என்ன நினைப்பான்? ‘ஆகா, எவ்வளவு அழகா, வெளிச்சமே இல்லாம வாழறாங்க!’ அழகுதான். அவன் வீட்டுல ஒரு நாள் பீஸைப் புடுங்கிட்டு அவனையும் படம் எடு.

எடிட்டிங்கே பாவம்னு நான் சொல்லலை. அமெரிக்காக்காரர் ஆன்சல் ஆடம்ஸ்னு ஒருத்தர். நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ்னு ஒரு கிராமத்துப் பக்கம் காரை ஓட்டிட்டுப் போறப்ப, சூரியன் முதுகுப் பக்கம் இறங்குது, எதிர்ல மலைக்கு மேல நிலா, கீழே கல்லறைச் சிலுவையெல்லாம் கடைசி வெயில்ல வெள்ளையா மின்னுது. காரை ஓரங்கட்டிட்டு ஓடினாரு. வெளிச்சம் அளக்கற மீட்டர் எந்தப் பையில போச்சுன்னே தெரியலை. நிலாவோட பிரகாசம் இவ்வளவுன்னு மனப்பாடமாத் தெரியும், அதை வெச்சே கணக்குப் போட்டு ஒண்ணு எடுத்தாரு. ரெண்டாவது எடுக்கறதுக்குள்ள வெயில் போயிடுச்சு. அந்த ஒரு நெகட்டிவை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா இருட்டறையில பிரிண்ட் போட்டாரு. முதல்ல போட்டதுல வானத்துல மேகம் தெரியும். போகப் போக வானத்தை இருட்டிக்கிட்டே வந்து, கடைசியில கரிக்கட்டை ஆக்கிட்டாரு. ஆனா நிலாவை இருந்த இடத்துலேருந்து நகத்தளவு நகர்த்தலை. எந்த வருஷம் எடுத்தோம்னே அவருக்கு மறந்து போச்சு. பின்னால, 1991-ல ஒரு வானியல் ஆசாமி படத்துல நிலா இருக்கற இடத்தை வெச்சே கணக்குப் போட்டு, 1941 நவம்பர் 1, சாயந்திரம் 4.49 மணின்னு நிமிஷத்தோட சொன்னாரு. உன் நிலாவை வெச்சு யாராவது கணக்குப் போட்டா கம்ப்யூட்டரு கையெடுத்துக் கும்பிட்டுட்டு அணைஞ்சு போகும்.

நம்ம ஆளே இருக்காரு, மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் எழுதின அ. மாதவையாவோட மகன். காடு காடா அலைஞ்சு யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில எடுத்தாரு. கேமராவையும் ஒண்ணோட பாகத்தை இன்னொண்ணுல மாட்டித் தானே சேர்த்துக்கிட்டாரு, அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேரு வேற. 1950-லேருந்து 1996-ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில இயற்கையைப் பத்தி விடாம எழுதினாரு. அவர் யானையில கலரே கிடையாது. யானைக்கு அதனால ஒரு குறையும் வரலை.

இன்னொரு சங்கதி, இது எங்க மலைச் சங்கதி. காவலூர்ல வைனு பாப்பு வான் ஆய்வகம் இருக்கே, ஆலங்காயம் போற வழியில. 1968-ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்புல ஆரம்பிச்சது. 1986-ல ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் பெருசைத் திறந்துவெச்சாரு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கமா இருக்கறதால வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானமும் தெரியும், அதான் இங்க வந்தாங்க. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சுக்கிட்டுப் போச்சு. இங்கயும் அளந்துக்கிட்டு இருந்தாங்க. மறைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நட்சத்திர வெளிச்சம் சட்டுனு மங்கி மறுபடி வந்துச்சு. ஏதோ மேகமோ மெஷின் கோளாறோன்னு தள்ளியிருக்கலாம். தள்ளலை. ஆகாசத்துல விமானத்துல பறந்துக்கிட்டே அளந்த அமெரிக்காக்காரங்களுக்கும் அப்படியே மங்கியிருக்கு. யுரேனஸுக்கும் வளையம் இருக்குன்னு அப்பத்தான் உலகத்துக்குத் தெரிஞ்சது. இப்ப உன்னை அந்த நாற்காலியில உக்கார வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? ‘நாய்ஸ்’னு ஒரு பட்டனை அமுக்கி வழவழன்னு இழைச்சிருப்ப. வெளிச்சத்தை அளந்து வரைஞ்ச கோடு அழகா இருந்திருக்கும். வளையம் போயிருக்கும்.

சரி, திட்டினது போதும், உருப்படியா ரெண்டு சொல்றேன். ரா ஃபைல்ல எடு. ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படி, நல்ல கேமரா ராவுல 16,384 படி. தொட்டுத் திருத்த அதுலதான் இடம் இருக்கு. காலையில வெயில் மஞ்சளா வர்றப்ப ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாதே, அது அந்த மஞ்சளை நோய்னு நினைச்சு வைத்தியம் பார்த்துடும். டேலைட்ல வை. பீமன் மடவு அருவிக்கு உச்சிவெயில்ல போகாதே, பாறை வெளுத்து தண்ணி வெடிச்சுப் போகும். மேகம் போட்ட நாளாப் பார்த்துப் போ. அரை வினாடி, கால் வினாடி போதும், தண்ணி விழற வேகம் தெரியும். நீ கறுப்புக் கண்ணாடி மாட்டி அரை நிமிஷம் திறந்து வெச்சிருக்க, அருவி ஆவின் பாலாயிடுச்சு. நிழலை எல்லாம் தூக்கித் தூக்கி வெளுக்காதே. பலா மரத்தடியில இருட்டு இருக்கறதாலதான் நாங்க அங்க படுக்கறோம். நிலாவும் ஊரும் ஒண்ணா வேணும்னா பௌர்ணமிக்கு முந்தின நாள் வா. வெயில் முழுசா இறங்கறதுக்குள்ள நிலா ஏறிடும், ரெண்டுக்கும் வெளிச்சம் பொருந்தும்.

நட்சத்திரம் எடுக்க 500-ஐ லென்ஸ் எம்எம்மால வகுத்துக்கோ. 20 எம்எம்னா 25 வினாடி. அதுக்கு மேல போனா நட்சத்திரம் கோடு இழுக்கும். காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம நுழையாதே. நடுராத்திரி தோள்ல முக்காலியும் தலையில டார்ச்சுமா நின்னா, சந்தனக்கட்டை திருட வந்தவன்னு வனத்துறைக்காரங்க ஜீப்புல ஏத்திடுவாங்க. நாங்க சாட்சி சொல்ல வரமாட்டோம், உன் படத்தைப் பார்த்தா நீ இந்த மலைக்கே வந்ததில்லைன்னுதான் சொல்ல வேண்டி வரும். காவலூருக்குப் போனா சனிக்கிழமையில போ, அன்னைக்குத்தான் வெளியாளை விடறது வழக்கம், நேரத்தை முன்னாடியே விசாரிச்சுக்கோ. அங்க போய் போன் லைட்டை அடிக்காதே. கீழே வாணியம்பாடிப் பக்கத்து வெளிச்சமே அவங்களுக்குப் போதும் போதும்னு இருக்கு.

அடுத்த தடவை மலை ஏறறப்ப, அந்தக் கிழவிக்குப் படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா. நீல குடத்தோட, கம்பத்தோட இருக்கற ஒரிஜினலைப் போடு. மேட் பேப்பர் வேணாம், பளபளன்னு கிளாஸியில போடு. அவளுக்கு அதுதான் புடிக்கும்.