நாலு வயிறு, ஒரு மூட்டை

இமயமலையில் ஐந்து நாள் நடக்கக் கிளம்பும் நம்மூர்க் கோஷ்டியைக் கவனியுங்கள். எடையைக் குறைக்கப் பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டியிருப்பார்கள். சாப்பாட்டு மூட்டை கட்டும்போதுதான் சிக்கல்.

ஒருவருக்குக் கோதுமை ஆகாது. சப்பாத்தி, ரவை, நூடுல்ஸ் எல்லாம் அவுட். இன்னொருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. "அதனாலென்ன, பால் பவுடர் இருக்கே!" என்பார் கோஷ்டித் தலைவர். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் ஏறத்தாழப் பாதி லாக்டோஸ்தான் என்று அவரிடம் யார் சொல்வது? மூன்றாமவருக்கு வேர்க்கடலை அலர்ஜி. இது உயிர் விஷயம், விளையாட்டு வேண்டாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஊரிலேயே இருக்கட்டும். நாலாமவருக்கு எல்லாமே ஒத்துக்கொள்ளும். அதிகம் முணுமுணுப்பவர் அவர்தான்.

சரி, பருப்பு? 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு அதை வெந்நீர்க் குளியலாக எடுத்துக்கொண்டு முழுசாகத் திரும்பி வரும். குக்கரைச் சுமக்கலாம்தான், பாவம், பிரஷை எதற்கு வெட்டினார்கள்?

கடைசியில் ஜெயிப்பது பாட்டி சரக்குதான்: அவல், வெல்லம், ஒரு குப்பி நெய். அவலை நனைத்தால் போதும், அடுப்பே வேண்டாம். நெய்யில் லாக்டோஸ் பெயருக்குத்தான். கிராமுக்கு 9 கலோரி.

வேர்க்கடலை போடாத புளிக்காய்ச்சலும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தை ஊரிலேயே படித்துவிடுங்கள். மலைமேல் மளிகைக்கடை கிடையாது.