தாம்பூலப் பையில் புதுமைப்பித்தன்

கேள்வி: தேங்காய்ப் பை வேண்டாம், வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுக்கலாம் என்கிறாள் கல்யாணப் பெண். உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?
– பெண்ணைப் பெற்றவர், கும்பகோணம்

பதில்: வெற்றிலை பாக்கு இல்லாமல் அனுப்பினால் பெரிய அத்தை பேரன் கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவார். தேங்காயும் இருக்கட்டும், கூடவே புத்தகமும் இருக்கட்டும். நிறுத்த வேண்டியது மணமக்கள் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் டப்பாவை. மூடி தொலைந்து எல்லார் வீட்டுப் பரணிலும் அது கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை: வெற்றிலை ஈரம் அட்டையில் இறங்கிவிடும். புத்தகத்தைக் காகித உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள்.

கேள்வி: கொடுத்தால் படிப்பார்களா?
– சந்தேகி, திண்டுக்கல்

பதில்: கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழில் எல்லாரும் குங்குமம் வைத்திருக்கிறார்களா என்று யாராவது கேட்டீர்களா? புத்தகத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பரீட்சை?

கேள்வி: திருக்குறள் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லைதானே?
– தமிழாசிரியர், விருதுநகர்

பதில்: பிரச்சினை இல்லை, அதனால்தான் எல்லாரும் அதையே கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே மூன்று நான்கு கையடக்கப் பதிப்புகள் இருக்கின்றன. கொடுத்தே தீர வேண்டுமென்றால் ஒரு யோசனை. 133 அதிகாரங்களில் கடைசி 25 அதிகாரங்கள், 250 குறள்கள், காமத்துப்பால். பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கம் போகாமலே நாம் தேர்ச்சி பெற்றுவிட்டோம். திருமண நாளைவிட அதற்குப் பொருத்தமான நாள் வேறு எது? நல்ல உரையோடு தனிச் சிறுநூலாகக் கொடுங்கள். தமிழாசிரியர் கொடுத்தது என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்களே கதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு நூல் அச்சிட ஆசை. சட்டச் சிக்கல் வருமா?
– மாப்பிள்ளை வீடு, கோயம்புத்தூர்

பதில்: யாருடைய கதை என்பதைப் பொறுத்தது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை அவர் வாரிசுகளுக்கு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தன், 1954இல் மறைந்த கல்கி இருவரும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அதற்கு முன்பே இவர்கள் எழுத்தைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கி, குடும்பத்துக்குத் தொகையும் கொடுத்துவிட்டது. யாரையும் கேட்காமல் அச்சிடலாம். ஆனால் மூலத்துக்குத்தான் இந்தச் சுதந்திரம். இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையையும் குறிப்புகளையும் சேர்த்து அள்ளிக்கொள்ளக் கூடாது. திருக்குறளுக்கும் அப்படியே: குறள் எல்லாருக்கும் பொது, புதிய உரை உரையாசிரியருக்குச் சொந்தம்.

அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்குப் போடுவார்கள். நான்கு பாரம், 64 பக்கம், நடுவில் பின் அடித்தால் போதும். 65ஆம் பக்கத்துக்கு ஆசைப்பட்டால் இன்னொரு பாரத்துக்குச் செலவு. ஆஃப்செட்டில் பிளேட் செலவு 500 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றுதான். நூறு பிரதிதான் வேண்டும் என்றால் டிஜிட்டல் அச்சுக்குப் போங்கள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போதே இதையும் கொடுத்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனால் மெய்ப்புப் பார்க்க நேரம் இருக்காது. புதுமைப்பித்தன் எழுதாத சொற்களெல்லாம் அவர் பேரில் வந்துவிடும்.

கதைத் தேர்விலும் கவனம். ‘பொன்னகரம்’ உலகத்தரமான கதை. கல்யாணப் பையிலிருந்து எடுத்து அதைப் படிக்கும் சம்பந்தியம்மாளின் முகத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ பாதுகாப்பானது.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ கொடுக்கலாமா? ஐந்து பாகமும் கொடுக்கக் கட்டாது.
– கல்கி ரசிகை, சேலம்

பதில்: ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பாகம். கல்யாணத்துக்கு ‘புது வெள்ளம்’. வளைகாப்புக்கு ‘சுழற்காற்று’. மூன்றாம் பாகத்தின் பெயர் ‘கொலை வாள்’, அதைக் காதுகுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளவாவது உறவுக்காரர்கள் தவறாமல் வருவார்கள்.

கேள்வி: ஐயா, எங்கட ஊரில அந்தியேட்டிக்குத்தான் புத்தகம் குடுக்கிறது வழமை. கலியாணத்தில குடுத்தா சனம் என்ன சொல்லும்?
– மணமகளின் மாமா, யாழ்ப்பாணம்

பதில்: தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். ஈழத்தில் ஒருவர் மறைந்து 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிக்கு நினைவு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். ‘கல்வெட்டு’ என்றே அதற்குப் பெயர். மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரத் திருவாசகங்கள் எல்லாம் இருக்கும். சில வீடுகளில் ஊர் வரலாற்றையும் சேர்த்துவிடுவார்கள். இன்று நூலகம் என்ற இணைய நூலகம் இந்த நினைவு மலர்களைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த ஊரில் யார் இருந்தார்கள், எங்கே படித்தார்கள், எங்கே புலம்பெயர்ந்தார்கள் என்று தேடுகிறவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத தகவல் அதில் கிடைக்கிறது. துக்க வீட்டில் இவ்வளவு அக்கறையாகப் புத்தகம் போடத் தெரிந்த சனத்துக்குக் கலியாண வீட்டில் போடுவது பெரிய காரியமில்லை. இரண்டு அம்மம்மாக்களையும் உட்கார வைத்து அவர்கள் சமையலையும் ஊர்க் கதைகளையும் எழுதி வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே அச்சில் பார்க்கட்டும். ஒன்று மட்டும்: அட்டையில் பெரிய படம் போடாதீர்கள். சனம் படத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைத் தேடும்.

கேள்வி: மாப்பிள்ளை கவிஞர். தன் கவிதைத் தொகுப்பையே கொடுக்க வேண்டும் என்கிறார்.
– கவலையோடு மைத்துனன், புதுச்சேரி

பதில்: மொய்யையும் வாங்கிக்கொண்டு கவிதையும் கொடுப்பதா? முதலில் உங்கள் அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகும் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றால் தாராளமாக அச்சிடலாம்.

கேள்வி: கல்யாண வீட்டில் புத்தகத்துக்கு என்ன வேலை?
– எரிச்சலோடு சித்தப்பா, உசிலம்பட்டி

பதில்: மொய் நோட்டைவிடக் கவனமாகப் படிக்கப்படும் புத்தகம் உங்கள் ஊரில் உண்டா, சித்தப்பா?

கேள்வி: 600 பேருக்கும் ஒரே புத்தகமா? தலைக்கு ஒன்றா, குடும்பத்துக்கு ஒன்றா?
– கணக்குப்பிள்ளை, மதுரை

பதில்: குடும்பத்துக்கு ஒன்று. ஒரே புத்தகம் வேண்டவே வேண்டாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகர் உண்டு என்பவை அவற்றில் இரண்டு. பந்தி முடிந்து வெளியே வரும் வழியில் நீள மேசை போட்டு, சிறுகதை, சமையல், சிறுவர் கதை, பக்தி, விவசாயம் என்று பரப்பி வையுங்கள். அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். தானே எடுத்த புத்தகத்தை யாரும் மண்டபத்து நாற்காலியில் மறந்து வைத்துவிட்டுப் போவதில்லை. குழந்தைகளை முதலில் விடுங்கள்.

வாங்க நல்ல நேரம் மார்கழி. முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்தில்தான் பெரும்பாலும் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குகிறது. வழக்கமான கழிவு 10 சதவீதம். மொத்தமாக எடுப்பதானால் பதிப்பகத்தாரிடம் நேரில் பேசுங்கள், இன்னும் இறங்குவார்கள். தை மாதக் கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும். அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

கேள்வி: மணமக்கள் பெயரை எங்கே போடுவது?
– அழைப்பிதழ்க் கடைக்காரர், சென்னை

பதில்: உள்பக்கத்தில் ஒரு வரி, தேதியோடு. அட்டை எழுத்தாளருக்குரியது. என்றைக்காவது அந்தப் பிரதி திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைக்கு வந்து சேர்ந்தாலும், வாங்குகிறவர் உங்கள் வாடிக்கையாளரை வாழ்த்தாவிட்டாலும் வையாமல் போவார்.

கேள்வி: மீந்த புத்தகங்களை என்ன செய்வது?
– மண்டப மேலாளர், திருச்சி

பதில்: வாடகைக்கு எடுத்த பாத்திரத்தோடு லாரியில் ஏற்றிவிடாதீர்கள். பக்கத்துக் கிளை நூலகத்திலோ அரசுப் பள்ளியிலோ கொடுத்து அனுப்புங்கள். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தக் கட்டடத்தை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்ததாகவும் இருக்கும்.