வாலைப் பிடிக்காதே தம்பி!

நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கச்சி மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். நலம் விசாரிக்க ஒரு நிமிஷம். மீதி நேரமெல்லாம் அவன் காரில் கேட்கிற வானொலியைப் பற்றித்தான். நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்று ஒரு நிலையம் இருக்கிறதாம். 1987-லிருந்து விளையாட்டுப் பேச்சுதான் அதற்குப் பிழைப்பு. மைக் ஃபிரான்செஸா, கிறிஸ் ரூஸோ என்ற இரண்டு பேர் 1989-ல் மைக் முன்னால் உட்கார்ந்து 2008 வரை வாக்குவாதம் செய்திருக்கிறார்கள்.

"பத்தொன்பது வருஷம் மாமா!" என்றான் பிரமிப்போடு.

"எனக்கும் உங்க அத்தைக்கும் முப்பத்திரண்டு வருஷம் ஆச்சுடா. ஒரு பயல் மைக்கைத் தூக்கிட்டு வரலையே."

"நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது மாமா?" என்றான் அவன். எனக்கு ரோசம் வந்துவிட்டது. குரங்கு முதல் கள்ளழகர் வரை சகலமும் இருக்கிற அழகர்கோவிலில், விளையாட்டைப் பேச ஆளா இல்லை? நான் காது கொடுத்த குரல்களையெல்லாம் ஒப்பிட்டு அவனுக்கு ஒரு தீர்ப்பு சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

முதலில் பெரியப்பா வீட்டு மர்பி ரேடியோ. அதில் கிரிக்கெட் வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வரும். ஆங்கிலம் பாதி புரியும். இந்தி வந்தால் கூட்டத்தின் சத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். கல்கத்தாவில் ஆட்டம் நடக்கும்போது 'ஓ' என்று இரைச்சல் எழுந்தால் நம் ஆள் நாலு அடித்திருக்கிறான். திடீரென்று மயான அமைதி என்றால் கவாஸ்கர் போய்விட்டார். பெரியம்மா இந்தி வரும் நேரம் பார்த்துத்தான் சாப்பிடக் கூப்பிடுவார்.

சென்னை சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால் மட்டும் தமிழ். அது தீபாவளி. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ருசி. ஜப்பார் பேசினால் பந்து உருண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றதுபோல் இருக்கும். கூத்தபிரான் சிறுவர் நிகழ்ச்சியில் 'வானொலி அண்ணா'வாக எங்களை வளர்த்தவர். அதனால் அவர் விக்கெட் விழுந்ததைச் சொன்னால்கூட, 'பரவாயில்லை கண்ணா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று நமக்கே ஆறுதல் சொல்வதுபோல் எனக்குக் கேட்கும். இவர்கள் யாரும் யாரையும் ஏசியது கிடையாது. பெரியப்பாவுக்கு அதுதான் குறை. "ஆட்டத்தைத் தொலைச்சவனை அண்ணன் தம்பி மாதிரி பேசுறாங்களேய்யா" என்பார்.

1986 செப்டம்பர் 22 அன்று அந்தக் குறை முற்றியது. ஆஸ்திரேலியாவுடன் சேப்பாக்கத்தில் கடைசி நாள். ஜெயிக்க 348 வேண்டும். கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சம் இருக்கும்போது மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. இந்தியா 347. டை! டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை என்று நான் குதித்தேன். பெரியப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"ஜெயிச்சது யாரு?"

"யாரும் இல்ல பெரியப்பா."

"தோத்தது?"

"யாரும் இல்ல."

"அஞ்சு நாளா அப்ப என்னடா பண்ணாங்ய?"

அவர் பார்த்து வளர்ந்த விளையாட்டில் மாடு ஜெயிக்கும், இல்லாவிட்டால் மாடுபிடிக்கிறவன் ஜெயிப்பான். மாடும் ஆளும் சமன் என்று ஒலிபெருக்கியில் அவர் கேட்டதே இல்லை. அன்றோடு கிரிக்கெட்டை அவர் கைகழுவினார். மர்பி ரேடியோ என் சொத்தானது.

அடுத்து எஃப்.எம். வந்தது. மதுரைப் பக்கம் ஆட்டோ, சலூன், ஜூஸ் கடை எல்லாம் ஒரே பேச்சு. ஆனால் தனியார் எஃப்.எம்.காரர்கள் பாவம். 2011-ல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்டக் கொள்கைப்படி அவர்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. விளையாட்டுத் தகவல் சொல்லலாம், நேரடி ஒலிபரப்பு கூடாது. உள்ளூர் விளையாட்டென்றால் மட்டும் நேரடி வர்ணனைக்கு இடமுண்டு. ஆகவே ஸ்கோரைச் சொல்லிவிட்டு உடனே ஒரு பாட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள்.

ஒரு உலகக் கோப்பை சமயத்தில், பெயர் எதற்கு, ஒரு நிலையத்துக்கு நானும் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் காத்திருந்து லைன் கிடைத்தது. இடதுகைச் சுழற்பந்து வீச்சாளரை ஏன் உட்கார வைத்தார்கள் என்று மூன்று காரணங்களை எழுதி வைத்திருந்தேன். முதல் காரணத்தின் பாதியில், நிகழ்ச்சி நடத்திய பெண், "சூப்பர்ண்ணா! செமண்ணா! அண்ணி என்ன சமைச்சாங்க?" என்றது. புளிக்குழம்பு என்றேன். புளிக்குழம்பைப் பற்றி நாங்கள் இரண்டு நிமிஷம் பேசினோம். பிறகு என் மனைவிக்காக ஒரு காதல் பாட்டு போட்டார்கள். அவள் அன்று வைத்தது சாம்பார். வீட்டில் அதற்குத் தனியாக ஒரு விசாரணை நடந்தது. சுழற்பந்து வீச்சாளர் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தார்.

இங்கிலாந்தில் பி.பி.சி.யின் டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷலில் பிரையன் ஜான்ஸ்டன், நேயர்கள் அனுப்பிய கேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார் என்று பின்னால் படித்தேன். கேக் பேசினால் உலகப் புகழ், புளிக்குழம்பு பேசினால் குடும்பச் சண்டை.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது தை மாதத்து ஜல்லிக்கட்டு மைக்தான். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மூன்று ஊரிலும் வெயிலில் நின்று கேட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். அவனியாபுரத்து மைக்கில் காலையில் ஒரு மரியாதை இருக்கும்: "மாடுபிடி வீரர்கள் தயவுசெய்து விதிமுறைகளைக் கடைப்பிடிக்குமாறு..." பாலமேட்டில் அந்தத் 'தயவுசெய்து' காணாமல் போய்விடும். அலங்காநல்லூரில் பிற்பகலுக்குமேல் தொண்டை கட்டி, மைக்கே நம்மை முட்ட வருகிறதோ என்று தோன்றும்.

"வாலைப் பிடிக்காதே தம்பி! ஏ மஞ்ச பனியன், ஒன்னத்தான்! வாலை விடு! திமிலைப் பிடி! ஒருத்தர் மட்டும் பிடி! ரெண்டு பேர் பிடிச்சா பரிசு கிடையாது! விட்டான்யா... மாடு வெற்றி! மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்க! அடுத்து வர்ற மாட்டுக்கு ஒரு சைக்கிள், ஒரு கட்டில்! தொட்டுப் பார்!"

சேப்பாக்கத்து வர்ணனையாளர் 'வெளியே போற பந்தைத் தொடாதே' என்று கதறினாலும் மட்டையாளர் காதில் விழாது. இங்கே மஞ்சள் பனியன் அந்தக் கணமே வாலை விடுகிறான். ஆட்டத்தை வர்ணிப்பவர், நடுவர், வாத்தியார், பாத்திரக் கடைக்காரர், காணாமல் போன பிள்ளையைக் கண்டுபிடித்துத் தருகிறவர் எல்லாம் ஒரே மூச்சில் ஒரே ஆள். முதலில் கோயில் காளை வரும்போது மட்டும் அந்தக் குரல் குழையும்: "சாமி மாடு, யாரும் தொடக்கூடாது." அடுத்த மாட்டுக்கு மறுபடி மஞ்சள் பனியன் மாட்டிக்கொள்வான். பீரோவை ஜெயித்தவன் அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவான் என்ற கவலை எனக்கு இன்றுவரை தீரவில்லை. மைக்குக்கு அந்தக் கவலை கிடையாது. சிறந்த வீரனுக்குக் கார் என்று அறிவிக்கும்போதும் அண்டாவுக்கு இருந்த அதே உற்சாகம்தான்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டபின் வந்த பொங்கல்களில் அந்த மைக் மௌனமாகக் கிடந்தது. கரும்பு இருந்தது, பொங்கல் இருந்தது, ஏசுவதற்குத்தான் ஆள் இல்லை. 2017-ல் சட்டம் வந்து, பிப்ரவரியில் அலங்காநல்லூரில் மறுபடி "வாலை விடு!" என்று கேட்டபோது பெரியப்பாவுக்குக் கண் கலங்கியது. இப்போது அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024-ல் திறந்த ஏறுதழுவுதல் அரங்கத்தில் வசதியாக உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் உட்கார்ந்து ஏச்சுக் கேட்பது நின்று கேட்பதுபோல் வருமா?

சித்திரையை விட்டால் அழகர் கோபித்துக்கொள்வார். அவர் ஏற்கெனவே தன் தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குப் போய்ச் சேராத கோபத்தில் இருப்பவர். வைகையில் இறங்கும் நேர்முக வர்ணனையையும் நான் விளையாட்டுக் கணக்கில்தான் சேர்ப்பேன். தங்கக் குதிரை கிளம்பிவிட்டது. சாமி என்ன நிறத்துப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதை வர்ணனையாளர் சொல்லாமல் இழுப்பார், இழுப்பார், டாஸ் போட்ட காசு கீழேயே விழாததுபோல். "பச்சைப் பட்டு!" என்றதும் எங்கள் தெருவே பெருமூச்சு விடும். இந்த வருஷம் மழை உண்டு, விளைச்சல் உண்டு.

தீர்ப்பைச் சொல்லவேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கச்சி மகன் கூப்பிட்டபோது கோயில் பக்கத்து டீக்கடையில் இருந்தேன். "நான் சொல்றதைவிட நீயே கேளு" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, கோயில் தோசையைக் குரங்கு பறித்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே ஏற்கெனவே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. 2019 உலகக் கோப்பை அரையிறுதி. கப்டில் எறிந்து தோனி ரன் அவுட் ஆனது.

"அந்த ரெண்டாவது ரன்னு ஓடியிருக்கக் கூடாது. நான் அப்பவே இந்தப் பாய்லர்கிட்ட நின்னு சொன்னேன், ஓடாதய்யான்னு" என்றார் டீ மாஸ்டர்.

"நீரா? நீரு அன்னைக்குக் கடையே திறக்கல சித்தப்பு."

"திறந்திருந்தேன். சொன்னேன்."

"சொல்லலை."

"சொன்னேங்கிறேன்ல!"

குரல்கள் ஏறின. நியூஜெர்சியில் அவன் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்போது மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமல் சொன்னார்:

"எதுக்குய்யா சண்டை? இந்தா இருக்கு பதினெட்டாம்படி. கருப்பன் வாசல்ல சத்தியம் பண்ணிச் சொல்லிரு, சொன்னேன்னு."

கடையில் சத்தம் அடங்கியது. சந்தனம் அப்பிய அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச்சத்தியம் செய்து உருப்பட்டவன் இந்தப் பக்கம் கிடையாது. டீ மாஸ்டர் கிளாஸை எடுத்தார். கழுவினார். கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார்.

"யாருக்குப்பா சீனி கம்மி?" என்றார் மெதுவாக.

"மாமா... மாமா... லைன் கட்டாயிருச்சா?" என்றது போன்.