அடுப்புச் சுருளின் மின்தடை: பரபக்கமும் சுபக்கமும்

தடை கூடினால் சூடு கூடும் என்பது பரபக்கம், அதாவது மறுக்க வேண்டிய பிறர் கொள்கை. கரண்ட் அடுப்பு வைத்திருப்போர் பலர், இயற்பியல் படித்தவர்கள் உட்பட, இதையே நம்புகிறார்கள்.

சுபக்கம், அதாவது நம் கொள்கை, வேறு. வீட்டு பிளக்கில் ஏறத்தாழ நிலையாக இருப்பது வோல்டேஜ். நம் நாட்டில் 230. அதன் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் கிடைப்பது வாட். 1000 வாட் அடுப்புக்கு 52.9 ஓம் வேண்டும். 2000 வாட்டுக்கு அதில் பாதியே போதும். சுருளின் தடை குறையக் குறையச் சூடு ஏறும்.

அப்படியானால் அடுப்புக்குப் போகும் செம்பு ஒயர் ஏன் பழுக்கவில்லை என்று பரபக்கத்தார் மடக்குவார்கள். நல்ல கேள்வி. ஒயரிலும் சுருளிலும் ஓடுவது ஒரே கரண்ட். அந்த இரண்டுக்குள் தடை மிகுந்ததே சூடாகும். அவர்கள் கூற்று இந்த இடத்தில் மட்டும் மெய். ஒயரைவிட மிக அதிகமாகவும், கேட்ட வாட்டுக்கு மிஞ்சாமலும் சுருளின் தடை அமைய வேண்டும்.

அதற்கு உகந்தது நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த இந்தக் கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல் தடை கொண்டது. செஞ்சூட்டிலும் அந்தத் தடை சில சதவீதமே மாறும். அரை மில்லிமீட்டர் கம்பியானால் ஒன்பதரை மீட்டரில் 1000 வாட் அடுப்பு முடிந்துவிடும்.

இனித்தான் உயிர்நிலையான விஷயம். சுருள் அறுந்ததும் கருகிய துண்டை வெட்டி எறிந்து, மீதியை இழுத்து மாட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது சுமார் 42 ஓம். வாட் 1250 ஆகிறது, கரண்ட் 5.4 ஆம்பியர். 5 ஆம்ப் பிளக் அதற்குச் செய்யப்பட்டதல்ல. கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டைச் சுமக்கிறது. “இப்பத்தான் அடுப்பு நல்லா எரியுது” என்று வீட்டார் மகிழ்வது இந்த நிலையைத்தான். மாட்டிய இடமோ தளர்ந்து, பொறி பறந்து, மறுபடி அங்கேயே அறும்.

அறுந்த சுருளை மாட்டாதீர்கள். அடுப்பின் வாட்டைச் சொல்லிப் புதிய சுருள் (காயில்) வாங்குங்கள். கடைக்காரரிடம் மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 1000 வாட் காயில் 50 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். 40ஐ ஒட்டிக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.