வீட்டை விட்டு அசையாதவர்கள்

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 திசைகாட்டிச் சின்னத்தின் பக்கம் சாய்ந்தன. யாழ்ப்பாணமே சாய்ந்தது. மட்டக்களப்பு மட்டும் வீட்டுக்குப் புள்ளடி போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தது. சரிதானே! வாவியில் இருட்டோடு தோணி தள்ளும் அமிர்தகழி மீனவருக்குத் திசைகாட்டி எதற்கு?

செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டம் தொலைபேசிச் சின்னத்தைக் கையில் எடுத்தது. நவம்பரில் வைத்துவிட்டது. பேசி முடிந்தால் வைப்பதுதான் பண்பு.

2020 பொதுத் தேர்தலில் இன்னும் ஒரு படி மேல். மாவட்டத்திலேயே அதிக விருப்பு வாக்கு, 54,198, மறியலில் இருந்தபடி போட்டியிட்ட பிள்ளையானுக்கு. இதைவிட உத்தம வேட்பாளர் உண்டா? படலையைத் தட்டமாட்டார். மத்தியானச் சோற்று நேரத்தில் நோட்டீசு நீட்டமாட்டார். ஒலிபெருக்கி இல்லை, மாலை இல்லை. எல்லா வேட்பாளரையும் பிரசாரம் முடியும்வரை உள்ளே வைத்தால் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும்! வென்றவர்களை வெளியே விடுவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

இத்தனை நுட்பமும் எங்கிருந்து வருகிறது? மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“இந்த முறை யாருக்கு மாமா?”

“பொறு மனே. சுவிஸ்ல இருக்கிற மூத்தவன் இன்னும் கோல் எடுக்கல்ல. அவன் சொன்னா மறுகா சொல்றன்.”