அக்ரஹாரத்துப் போர்க் கடிகாரவியல்: ஒரு முன்னாய்வு

‘போர்முனை காணாதான் கையில் போர்க் கடிகாரம் பொலியும்’ என்பது இத்துறையின் முதல் நூற்பா. இயற்றியவர் பெயர் கிடைக்கவில்லை. அவரும் பென்ஷன்காரராகவே இருந்திருப்பார் என்பது எம் துணிபு.

இதைச் சோதிக்க மைசூர் அக்ரஹாரமே தக்க களம். என்னை? நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்கு 1927-இல் அரண்மனை ஊழியர்கள் எழுப்பிய பெரிய மணிக்கூண்டு, கன்னட எண்களோடு, நடந்து போகும் தூரத்தில் நிற்கிறது. ராகுகாலத்துக்குப் பஞ்சாங்கம் உண்டு, மற்றதற்கெல்லாம் செல்போன். எனவே இங்கே யாருக்கும் கைக்கடிகாரம் தேவையில்லை என்பது ஐயமற நிறுவப்பட்டது. தேவை தீர்ந்த பிறகுதான் மோகம் பிறக்கும் என்க.

சான்றுக்கு ஒருவர்: ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கையில் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜவான். படையினருக்கென்று செய்த மாடல். டயலின் உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண்கள். “மணி என்ன மாமா?” என்றால், “பதினெட்டு பத்து” என்பார். “ஆறு பத்து ஆச்சு, விளக்கேத்தணும்” என்று உள்ளிருந்து மொழிபெயர்ப்பு வரும். ஜவான் நேரம் தவறினால் செல்போனைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். செல்போனை மதிக்கமாட்டார்.

எச்.எம்.டி.யின் முதல் கடிகாரங்கள், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டுறவோடு, 1961-இல் பெங்களூரிலிருந்து வந்தன. 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதுவரை இரவில் மேஜை இழுப்பறையில் கிடந்த ஜவான், அதன்பின் பீரோ லாக்கருக்குப் பதவி உயர்வு பெற்றது.

பிறநாட்டு வழக்கும் இஃதே. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகப் பன்னிரண்டு கம்பெனிகள் ஒரே விதிப்படி கடிகாரம் செய்தன. 1967-இன் ஹாலிவுட் படத்தை வைத்து அவற்றுக்கு ‘டர்ட்டி டஜன்’ என்று செல்லப்பெயர். பன்னிரண்டில் கிரானா கம்பெனியின் கடிகாரம் அரிது. பதினொன்றைச் சேர்த்தவர் அதை நினைத்துத் தூக்கம் கெடுவார். பின்மூடியில் அம்புக்குறி இருக்கும். அது சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளம். லைப்ரரி முத்திரைக்காகவே புத்தகத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது போன்ற இந்த ரசனையைத் தணிக்கைத் துறையினர் ஆராய வேண்டும்.

நம் பக்கத்துப் பழம்பெயர் வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சோவார் கடிகாரம்; சோவார் என்றால் குதிரைவீரன். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவைப் பிடித்ததில் ஜோத்பூர் லான்சர் குதிரைப்படையோடு மைசூர் லான்சர்களுக்கும் பங்குண்டு. இந்த இரண்டு செய்திகளையும் முடிச்சுப் போடத் தரகருக்கு அரை நிமிடம் போதும். “ஹைஃபாவில் பாய்ந்த கை கட்டினது ஸார்!” இப்படி விற்றவற்றையெல்லாம் கூட்டினால், ஒவ்வொரு வீரரும் முழங்கைவரை கடிகாரம் கட்டியிருக்க வேண்டும். கடிவாளம் பிடிக்கக் கை எங்கே?

இனி எதிர்காலம். பழைய முள்ளில் பூசிய ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. அதோடு கலந்த துத்தநாக சல்பைடோ சில பத்தாண்டுகளில் களைத்துவிடும். ஒளி போய்விடும், கதிர்வீச்சு போகாது. மூடியைத் திறந்து டயலைச் சுரண்டிப் பார்க்கும் ஆராய்ச்சி யாருக்கும் வேண்டாம்.

விலை ஏறுமா என்ற வினாவுக்கு விடை மும்பையில் இருக்கிறது. பழைய எந்திரத்துக்குப் புது டயல் அச்சடித்துப் படைக் கடிகாரமாக்கும் கைவேலை அங்கே பிரசித்தம். தூய்மைவாதிகள் அதைத் தீண்டார். ஆயினும் போலிக்கும் வயதாகும். ‘அசல் மும்பை ரீடயல், பழைய சரக்கு’ என்று அதற்கும் ஒரு நாள் ஏலம் நடக்கும். நம் மேலாளர் இப்போதே நாலைந்து வாங்கிப் போட்டிருக்கிறார். வீட்டில் கேட்டால் எல்லாமே ஹைஃபா.