வெற்றுச் சுவரின் தரிசனம்

கேள்வி: கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள், சித்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்களே, ரசனை க்ஷீணித்துவிட்டதா?

பதில்: க்ஷீணிப்பதற்கு அது முன்பு புஷ்டியாக இருந்திருக்க வேண்டுமல்லவா? 1911 ஆகஸ்டில், பாரிஸ் லூவர் கலைக்கூடத்திலிருந்து, 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள மோனா லிசா களவுபோனபோது, அது இருந்த காலத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பாராதவர்கள்கூடத் திரண்டு வந்து, ஆணிகள் மட்டுமே எஞ்சிய வெற்றுச் சுவரை வரிசையில் நின்று பயபக்தியுடன் தரிசித்துப் போனார்கள். 1913-இல் பிளாரன்ஸ் நகரில் அகப்பட்டு, பிறகு பழைய ஸ்தானத்துக்கே திரும்பிய அந்த அம்மணி, இன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, தமக்கு முதுகைக் காட்டும் ஜனங்களைப் பார்த்துப் புன்னகை புரிகிறார். அந்தப் புன்னகையின் மர்மம் யாதென்று பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், எனக்கென்னவோ விளங்கிவிட்டது!